சின்ன மலைதானே என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

வழியில் ஒரு குளம், மேலே ஓர் உச்சி, போக வர 6 கிலோமீட்டர்தான் என்றதும், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். சமதரையில் அது சரி. மலையிலோ தூரத்தைவிட ஏற்றம்தான் நேரத்தைத் தின்னும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 600 மீட்டர் ஏற வேண்டியிருந்தால் அதே 6 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம் ஆகும். அதுவும் நல்ல தெம்புள்ளவர் எங்கும் நிற்காமல் நடந்தால்தான். மூச்சு வாங்க நிற்பது, படம் எடுப்பது எதுவும் இதில் சேர்த்தி இல்லை.

குளமும் சேர்த்தி இல்லை. 'பத்து நிமிஷம் உட்காரலாம்' என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஓடிவிடும் இடம் அது. அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே என்று அதை நீட்டிக்க வேண்டாம். உச்சிபோலத் தெரிவது பல மலைகளில் வெறும் மேடுதான். ஏறிப் பார்த்தால் நிஜ உச்சி இன்னும் தள்ளி நிற்கும்.

மழையோ இடியோ வரும்போல இருந்தால் உச்சியை முதலில் முடித்துவிட்டு, குளத்தை இறங்கும் வழியில் வைத்துக்கொள்வது நல்லது. இடி கேட்டால் உச்சியில் மட்டுமல்ல, தண்ணீரிலும் கரையிலும்கூட நிற்கக் கூடாது.

குளத்தைக் கண்டதும் குதிப்பவர்கள் உண்டு. மலைக்குளத்தின் தண்ணீர் வெயில் நாளிலும் சில்லென்று இருக்கலாம். 15 டிகிரிக்குக் கீழே இருக்கும் நீரில் சட்டென இறங்கினால் உடல் அதிர்ந்து, நம்மை அறியாமலேயே மூச்சை இழுப்போம். அந்த நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல நீச்சல்காரருக்கும் இதேதான். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அங்கே அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கரையோரமாக மெதுவாக இறங்குங்கள். சன்ஸ்கிரீன் பூசிய உடம்போடு வேண்டாம். ஓடாத சின்னக் குளத்தில் அது அங்கேயே தங்கும், தவளை முட்டைகளும் அங்கேதான் இருக்கும். அப்புறம், காலை நன்றாகத் துடைத்துக் காயவைக்காமல் சாக்ஸ் போடாதீர்கள். ஈரக் காலோடு இறங்கினால் பாதி வழியிலேயே கொப்புளம் வந்துவிடும்.

கண்ணாடிபோல இருந்தாலும் அந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா போன்ற கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்கவைத்தால் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். குறுகிய நடைக்கு இவ்வளவு பாடு எதற்கு? கீழிருந்தே போதுமான தண்ணீரைச் சுமந்துவிடலாம்.

உடை விஷயத்தில் ஒன்றே ஒன்று. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை லேசில் காயாது. 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறு டிகிரிக்கு மேல் வெப்பம் குறையும், உச்சியில் காற்று வேறு. காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும்.

இறக்கம் சுலபம் என்ற நினைப்புதான் எனக்கு இருப்பதிலேயே மோசமானதாகத் தோன்றுகிறது. உடம்பைத் தாங்கித் தாங்கி இறங்குவதில் தொடைத் தசைகள் சோர்ந்துவிடும், முட்டி வலிக்கும், கவனமும் குறையும். உதிரிக் கல்லில் கால் வழுக்குவது அப்போதுதான். ஷூ லேஸை இறங்கும் முன் ஒருமுறை இறுக்கிக் கட்டினால் விரல்நகம் முன்னால் போய் இடிக்காது. அடியைச் சின்னதாக வையுங்கள்.

போனை மட்டும் நம்புவதும் தவறு. சிக்னல் தேடியே பேட்டரி கரையும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு ஏரோபிளேன் மோடில் போட்டால் ஜி.பி.எஸ். வேலை செய்யும், சார்ஜும் நீடிக்கும். மரங்களுக்குள் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் டார்ச் தனியாக வேண்டும். எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இறங்கியதும் அவருக்குத் தகவல் சொல்ல மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் உங்களைத் தேடி யாராவது வீணாக மலையேற வேண்டியிருக்கும்.