சாவியைத் திருப்பினால் 'டக்' மட்டும்தானா? பழைய கெப் வண்டியைச் சோதிக்கும் விதம்

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் ஜனவரி விடியற்காலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லீக்ஸ் ஏற்றித் தார்ப்பாயும் கட்டியாயிற்று. நாலரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் அசையவே இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் டோர்ச் லைட்டோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பெட்டரி போயிருச்சு தம்பி" என்றார். அன்றைக்கே கடன் வாங்கிப் புது பெட்டரி போட்டேன். மறுநாள் காலையிலும் அதே 'டக்'.

கோளாறு கடைசியில், இன்ஜினை முதலில் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டருக்குள் இருந்தது. கட்டைவிரல் நகத்தளவு செப்புத் துண்டு ஒன்று தேய்ந்துபோயிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், பெட்டரி வாங்க ஓடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். என் வண்டி 3எல் டீசல் இன்ஜின் போட்ட பழைய ஹைலக்ஸ். அந்தக் காலத்துக் கெப்கள் பெரும்பாலானவற்றுக்கு இதே முறை சரிவரும்.

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர் (மலிவானதே போதும்), இரண்டு வயர் இணைத்த 12 வோல்ட் பல்ப் ஒன்று, சில ஸ்பேனர்கள், வயர் பிரஷ், கூட ஒரு ஆள்.

முதலில் வண்டியை நிறுத்தி வையுங்கள்

நம் பாதைகளில் சமதரை கிடைப்பது கஷ்டம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு நல்ல கல்லாகப் பார்த்து அண்டை கொடுங்கள். ஓட்டோ கியர் வண்டி என்றால், 'பி'யில் ஸ்டார்ட் ஆகாதபோது 'என்'னில் ஒருமுறை முயன்று பாருங்கள். கியர் சுவிட்ச் தேய்ந்திருந்தால் அதிலேயே வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று, இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. டீசல், காற்று, ஹீட்டர் பிளக் பக்கம் தேட வேண்டும். இங்கே பார்ப்பது சுற்றவே மறுக்கும் வண்டியை.

ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள்

காசு செலவில்லாத சோதனை இது. ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் முன்னால் நின்று வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் செத்துப்போனாலோ 'டக டக டக' என்று அடித்தாலோ, கோளாறு பெட்டரியில், அல்லது அதன் முனையில் வயரைப் பிடித்திருக்கும் கிளாம்பில். வெளிச்சம் நன்றாக மங்கி இன்ஜின் அசையாமல் நின்றால், மோட்டர் இறுகியிருக்கலாம், இன்ஜினே இறுகியிருக்கலாம், பெட்டரியும் சோர்ந்திருக்கலாம். வெளிச்சம் குறையவே இல்லை, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்கிறது என்றால் மோட்டருக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. வெளிச்சமும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால் சாவியிலிருந்து போகும் சின்ன வயரின் வழியில் எங்கோ தடை.

என் வண்டியில் அன்றைக்கு லைட் அப்படியே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பார்த்தேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது தெரியவில்லை.

பெட்டரியும் கிளாம்பும்

இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பெட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் பண்ணாமல் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள், எல்லாக் கணக்கும் பிழையாகிவிடும். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உருளைக்கிழங்குச் செடி மேல் உறைபனி படிகிற காலையில் பெட்டரியின் பலம் குறையும், இன்ஜின் ஒயிலும் தடித்துவிடும். கொழும்பில் ஒரு வருடம் ஓடக்கூடிய கிழட்டு பெட்டரி இங்கே ஒரு குளிரில் படுத்துவிடும்.

அப்புறம் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் கோளாறு கிட்டத்தட்ட கிடைத்த மாதிரி. அசையாவிட்டாலும் கழற்றுங்கள். எப்போதும் மைனஸை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும். வெளியே தெரியும் வெள்ளை, பச்சைப் பூவை அப்பச்சோடா கலந்த சுடுதண்ணீர் கழுவிவிடும். ஆனால் நிஜமான எதிரி கிளாம்பின் உட்புறம் படிந்திருக்கும் கறுப்புப் படலம். ஈயம் வெள்ளியாக மின்னும்வரை அதைச் சுரண்டுங்கள். இன்ஜினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் வயரையும் விடாதீர்கள். மழையும் சேறும் படுகிற இடம் என்பதால் போல்ட்டுக்கு அடியில் துருப் பிடித்திருக்கும்.

இப்போது மீட்டரை பெட்டரியிலேயே வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பெட்டரி பலவீனம். 12.3, 12.4 என்று அசையாமல் நின்றால் பெட்டரியைக் குறை சொல்லாதீர்கள். டீசல் இன்ஜினைச் சுற்றுகிற மோட்டர் 200 அம்பியருக்கு மேலும் இழுக்கும். அந்த இழுவை இருந்தால் வோல்ட் இறங்காமல் இருக்க முடியாது.

அவசரத்துக்கு இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது நமக்குக் கைவந்த கலை. சாவி ஓனில், இரண்டாம் கியர், வேகம் பிடித்ததும் கிளச்சை விடுவது, அவ்வளவுதான். ஆனால் இன்ஜின் ஓடாதவரை பிரேக் கல் மாதிரி இருக்கும், பவர் ஸ்டியரிங்கும் திரும்பாது. கொண்டை ஊசி வளைவுக்கு மேலே நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள். பெட்டரி அடியோடு செத்திருந்தால் தள்ளினாலும் பிடிக்காது, டீசல் பம்பிலுள்ள வால்வு திறக்கவும் கொஞ்சம் கரண்ட் வேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் கரண்ட் வருகிறதா?

மோட்டரில் ஒரு தடித்த கேபிளும் ஒரு மெல்லிய வயரும் இருக்கும். மெல்லிய வயரில் பல்பின் ஒரு முனையையும், இன்ஜின் இரும்பில் மறுமுனையையும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். பல்ப் எரியவில்லை என்றால் பியூஸ், ரிலே, சாவி சுவிட்ச், கியர் அல்லது கிளச் சுவிட்ச் என்று பின்னோக்கித் தேடுங்கள். எரிந்தால் மீட்டரின் சிவப்பு முனையைத் தடித்த கேபிளின் போல்ட்டிலும் கறுப்பை இன்ஜினிலும் வைத்து, சாவியைத் திருப்பியபடியே பாருங்கள். பெட்டரியில் இருந்த அதே வோல்ட் அநேகமாக இங்கேயும் வந்தால், கேபிளும் எர்த்தும் சரி, பிழை மோட்டருக்குள்ளேதான்.

மோட்டரைக் கழற்றுமுன் கிராங்க் புலியின் (இன்ஜின் முன்னால் பெல்ட் ஓடும் சக்கரம்) நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கஷ்டப்பட்டாவது சுற்ற வேண்டும். ஆற்றுத் தண்ணீரிலோ வெள்ளத்திலோ இறங்கிய வண்டி என்றால் சாவியைத் தொடவே வேண்டாம், சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். நேரே கராஜ் பாஸிடம் விடுங்கள்.

மோட்டரைத் திறப்பது

மைனஸைக் கழற்றிவிட்டு மோட்டரை இறக்குங்கள், நல்ல பாரம், கீழே படுத்து இழுக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள். நிப்பொன்டென்சோ மோட்டர் என்றால் பின்னால் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் நடுவில் ஒரு கம்பி, அதன் தலையில் செப்புத் தட்டு. தட்டுக்கு எதிரே 'எல்' வடிவத்தில் இரண்டு செப்புத் துண்டுகள். சாவியைத் திருப்பும்போது தட்டு போய் இரண்டையும் ஒன்றாகத் தொட வேண்டும், அந்த 'டக்' அதன் சத்தம்தான். என் வண்டியில் ஒரு துண்டு பாதிக்கு மேல் எரிந்து பள்ளமாகியிருந்தது, மற்றது அப்படியே இருந்தது. தட்டு நல்ல பக்கத்தில் முட்டி நின்றுவிட்டது, பள்ளம் விழுந்த பக்கத்தைத் தொடவே இல்லை.

துண்டுகள் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் தனியாகக் கிடைக்கும். தட்டு பள்ளமாகியிருந்தால் அதையும்தான். போல்ட்டை இறுக்கும்போது துண்டு திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். துண்டுகள் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் கார்பன் பிரஷ், மோட்டரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு. மோட்டரில் சுத்தியல் பிடியால் மெதுவாகத் தட்டியதும் ஒரு தடவை ஸ்டார்ட் ஆனால் அநேகமாக அதுதான்.

நான் புது பெட்டரிக்குக் கொடுத்த காசில் அந்தச் செப்புத் துண்டுகளைப் பை நிறைய வாங்கியிருக்கலாம். பழைய பெட்டரியை, "போயிருச்சு" என்று சொன்ன அதே அண்ணன் சும்மா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வருடமாக அவர் வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம் அதில்தான் லைட் எரிகிறது.