"ஒத்துக்கொள்ளாது" என்று கைபேசியிடம் சொல்லாதீர்கள்: கோலாலம்பூருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அம்மாவையோ அப்பாவையோ கோலாலம்பூருக்கு அழைத்து வரப்போகிறவர்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். பேரனோடு சில மாதங்கள் இருக்கலாம் என்று கரூரிலிருந்து வந்த என் அம்மா, ஒரு சாதாரணத் தொண்டை வலிக்குக் கிளினிக் போனவர், அன்று மாலையே அவசரப் பிரிவில் படுத்திருந்தார். அவர் கையில் நல்ல கைபேசி இருந்தது. அதில் மொழிபெயர்ப்புச் செயலியும் இருந்தது. அதை நம்பித்தான் அவரைத் தனியே போகச் சொன்னேன்.

வந்திறங்கியதும் செய்ய வேண்டிய அலுவல்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. வேலை அனுமதி, வங்கிக் கணக்கு, சிம், ரயிலுக்கான டச் அண்ட் கோ அட்டை எல்லாம் உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களே சொல்லித் தருவார்கள். 2020இல் கொரோனாவுக்காக வந்த மைசெஜாத்ரா செயலி இன்றும் பயன்படுகிறது. தடுப்பூசிப் பதிவும் அரசு சுகாதார நிலையத்துக்கான முன்பதிவும் அதில் உண்டு. அரசு நிலையத்தில் 1 ரிங்கிட்டுக்கு வைத்தியம் என்று யாராவது சொன்னால், அது குடிமக்களுக்கான கட்டணம். நமக்கு வேறு கணக்கு. அலுவலகக் காப்பீடு இருந்தால் அதன் பேனல் கிளினிக், அதாவது அந்தக் காப்பீடு செல்லுபடியாகும் கிளினிக், பட்டியலைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில் சேர்வதானால் செலவை ஏற்பதாகக் காப்பீட்டு நிறுவனம் தரும் கியாரண்டி லெட்டர் வந்த பிறகே சேருங்கள். அது வராவிட்டால் முன்பணம் கேட்பார்கள். பெரும்பாலும் அந்தக் காப்பீட்டில் பெற்றோர் வரமாட்டார்கள் என்பதையும் இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தோடு வருகிறவர்கள் தடுமாறும் சில இடங்கள் உண்டு. இங்கே கிளினிக்கில் டாக்டர் சீட்டு எழுதி மருந்துக் கடைக்கு அனுப்புவதில்லை. கவுண்டரிலேயே மருந்தைப் பொட்டலம் போட்டுத் தந்துவிடுகிறார்கள். வெளியே வாங்கிக்கொள்கிறேன் என்று சீட்டைக் கேட்டு வாங்கலாம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. நம் டாக்டர்கள் 1-0-1 என்று எழுதுவதை இங்கே நான் கண்டதில்லை. உறையில் 'தீகா காலி செஹாரி' என்றிருந்தால் நாளுக்கு மூன்று வேளை. 'செபெலும் மாக்கான்' உணவுக்கு முன், 'செலெபாஸ் மாக்கான்' உணவுக்குப் பின். இந்த மூன்றையும் விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடலாம்.

சர்க்கரை அளவு இன்னொரு சங்கடம். இங்குள்ள ஆய்வக அறிக்கையில் 7.8 என்று வந்ததைப் பார்த்து, சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாக அம்மா பயந்துவிட்டார். இங்கே அலகு வேறு. மில்லிமோல் கணக்கை 18ஆல் பெருக்கினால் நம் ஊர் மில்லிகிராம் கணக்கு வரும், 7.8 என்பது ஏறக்குறைய 140. கரூர் டாக்டரிடம் காணொளியில் பேசும்போது வெறும் எண்ணைச் சொல்லாதீர்கள். அறிக்கையையே படம் எடுத்து அனுப்புங்கள். அவர் இரண்டரை மணி நேரம் நமக்குப் பின்னால் இருக்கிறார் என்பதும் நினைவிருக்கட்டும். இங்கே காலை எட்டு மணிக்கு அங்கே விடிந்திருக்காது. அந்தக் காணொளிப் பேச்சு உண்மையிலேயே வரப்பிரசாதம். இருபது வருடமாக அம்மாவின் உடம்பை அறிந்த டாக்டர், கடல் கடந்தும் அவர் கால் வீக்கத்தைப் பார்த்து மாத்திரையைக் குறைக்கிறார். இதைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

இனி, எங்களுக்கு நடந்தது.

அம்மா பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே மலாய் படிக்கத் தொடங்கினார். வயது 63. காலையில் காப்பி குடிக்கும் முன் கால் மணி நேரம், கைபேசியில் ஒரு மொழிச் செயலி. 'கடை' இங்கே 'கெடாய்', 'கப்பல்' இங்கே 'காப்பால்', 'மாம்பழம்' இங்கே 'மெம்பெலாம்' என்று நான் சொன்னதைக் கேட்டு, "நம் பாட்டன்மார் விட்டுப்போன சொற்களை நான் போய் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். அந்த ஆர்வத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அந்தச் செயலியில் மலாய் இல்லை, இந்தோனேசிய மொழிதான் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நானும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.

இரண்டும் ஒன்றல்ல. வேர் ஒன்று. 1972இல் இரு நாடுகளும் எழுத்துமுறையைப் பொதுவாக்கிக்கொண்டதால் ஏட்டில் பார்க்கும்போது ஒன்று போலவே தெரியும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. 'பீசா' என்றால் இந்தோனேசியாவில் 'முடியும்'; இங்கே அது பாம்பின் நஞ்சு. 'கெரேத்தா' அங்கே ரயில், இங்கே கார். மருத்துவமனை வாசலில் சிவப்பு எழுத்தில் 'கெச்செமாசான்' என்று எழுதியிருப்பது அவசரப் பிரிவு. இந்தோனேசிய மொழியில் படித்தவருக்கு அந்தச் சொல் மனக்கலக்கத்தைக் குறிக்கும். தலை சுற்றினால் அங்கே 'பூசிங்' என்பார்கள். இங்கே 'பூசிங்' என்றால் திரும்புவது, சுற்றி வருவது. தலைசுற்றலுக்கு இங்கே 'பெனிங்' என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல் எங்களுக்குப் பத்து நிமிடத்தை விழுங்கியது.

அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாது. முப்பது வருடம் முன்பு ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், கரூர் டாக்டருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே எங்கும் எழுதி வைக்கவில்லை. அன்று தொண்டை வலியும் காய்ச்சலும். நான் பெட்டாலிங் ஜெயாவில் அலுவலகத்தில் இருந்தேன். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்ககத்துக்குக் கீழே, கடை வரிசையிலேயே கிளினிக் இருந்ததால், போய் வந்துவிடுங்கள் அம்மா என்றேன். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அம்மா கைபேசியை நீட்டி, தெளிவான தமிழில் சொல்லியிருக்கிறார்: "எனக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது."

செயலி அதை மலாயில் சொன்னது. பழைய மொழிபெயர்ப்புகள் கைபேசியில் சேமிப்பாக இருந்தன; இரவு மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து அதைத் தேடிப் படித்தேன். 'சாயா தீடாக் பெர்செதுஜு டெங்ஙான் பெனிசிலின்.' அதாவது, பென்சிலின் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊசிக்குப் பயப்படும் ஒரு வயதான பெண்மணி என்று அந்தப் பெண் புரிந்துகொண்டார். ஊசி இல்லை, சாப்பிடும் மருந்துதான் என்று கனிவாகச் சொன்னார். அதில் 'மாக்கான்' என்ற சொல் அம்மாவுக்குப் புரிந்தது. நிம்மதியாகத் தலையாட்டினார். தரப்பட்ட பொட்டலத்தில் அமாக்சிசிலின் இருந்தது. அது பென்சிலின் குடும்பத்து மருந்து.

பிழை எங்கே நேர்ந்தது என்று நான் பல நாள் யோசித்தேன். 'ஒத்துக்கொள்ளுதல்' நம்மிடம் இரண்டு வேலை செய்யும் சொல். மனம் சம்மதிப்பதும் அதுதான், உடம்பு ஏற்பதும் அதுதான். 'நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்' என்பதற்கும் 'எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையில் வைத்திருக்கிறோம். பல மொழிபெயர்ப்புப் பொறிகள் தமிழிலிருந்து மலாய்க்கு நேராகப் போவதில்லை, ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிப் போகின்றன. அந்தச் சுற்றில் 'எனக்கு' என்பது 'நான்' ஆகிவிடுகிறது. உடம்பைப் பற்றி நாம் சொல்லும் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. தலை சுற்றுகிறது, நெஞ்சு அடைக்கிறது, காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, வயிறு சரியில்லை. 'விட்டு விட்டு' என்பதைப் பொறி பாதியில் விட்டால் காய்ச்சல் நின்றுபோனதாக டாக்டர் நினைப்பார்.

மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் எனக்குச் செய்தி வந்தது. "உதடு தடிக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு." அம்மா தமிழில் தட்டச்சு செய்வது செல்லினம் என்ற செயலியில். அதை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த மண்ணைச் சேர்ந்தவர். கணினியில் தமிழுக்காக முரசு அஞ்சல் என்ற மென்பொருளை 1980களிலேயே தொடங்கியவர். அன்று கைபேசி எங்களுக்குச் செய்த பேருதவி அது ஒன்றுதான். தமிழைத் தமிழாகவே என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது.

நான் அழைத்தபோது அம்மா எடுக்கவில்லை. கீழே இறங்கிக் காவலாளியிடம் போயிருக்கிறார். "பூசிங், பூசிங்" என்று தலையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார். அவர் நல்ல மனிதர், மலாய்க்காரர். பின்பக்க வாயிலுக்கு வழி கேட்கிறார் என்று எண்ணி, இப்படிச் சுற்றிப் போங்கள் என்று கையைச் சுழற்றிக் காட்டியிருக்கிறார். அம்மாவும் சுற்றிப் போயிருக்கிறார். மூச்சு இளைக்க, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவரை எதிர்வீட்டு அக்கா பார்த்தார். அந்த அக்கா பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு சொல் கேட்காமல் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவசரப் பிரிவில் அம்மாவைப் படுக்க வைத்த தாதி, பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த தமிழ்ப் பெண். முதலில் அவர் கேட்டது இது: "ஒத்துக்கொள்ளாத மருந்து எதையாவது சாப்பிட்டீர்களா அம்மா?"

அதே சொல். அம்மா அழுதுவிட்டார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள், காலையில் வீக்கம் வடிந்தது. கட்டணம் 2,640 ரிங்கிட். ஒவ்வாமையைப் படிவத்தில் குறிப்பிடவில்லை என்று பயணக் காப்பீட்டில் பணம் தர மறுத்துவிட்டார்கள். அந்தப் படிவத்தை நிரப்பியவள் நான். நீங்கள் நிரப்பும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகாதீர்கள்.

'எல்லாவற்றுக்கும் செயலி இருக்கிறது, மொழி தெரியாவிட்டால் என்ன' என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. கைபேசியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா? மருந்து உறையையும் அறிவிப்புப் பலகையையும் கேமரா வழியாகப் படிக்க நம்பலாம். தவறினால் இன்னொரு முறை பார்க்க நேரம் இருக்கும். உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் சொல்லும் வாக்கியத்தை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால், மலாயில் வந்ததை அதே செயலியில் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள். 'நான் பென்சிலினுடன் உடன்படவில்லை' என்று திரும்பி வந்திருந்தால் அம்மாவே அங்கேயே நிறுத்தியிருப்பார். 'ஒத்துக்கொள்ளாது' என்று சொல்லாமல் 'ஒவ்வாமை' என்று சொல்லுங்கள். செயலியில் மொழியைத் தேர்வு செய்யும்போது மலாய் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், 1956இல் தொடங்கிய டேவான் பஹாசா டான் புஸ்தாகா என்ற மலேசிய அரசின் மொழி நிறுவனம் தன் அகராதியை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது.

அதற்கெல்லாம் முன்பு, தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று வாயைத் திறந்து கேளுங்கள். 'ஆடா யாங் போலே சாக்காப் தமிழ்?' மலாயில் அதைக் கேட்பது இப்படித்தான். இந்த நகரத்தில் தமிழ்ப் பள்ளிகளும் தமிழ் வானொலியும் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகத் தமிழைக் காத்து வைத்திருக்கிற இவர்களிடம் பேசாமல், கண்ணாடிச் சில்லோடு பேசிக்கொண்டு நாம் ஏன் நிற்க வேண்டும்? அந்தக் கிளினிக்கின் உள்ளறையிலேயே தமிழ் தெரிந்த மருந்துப் பணியாளர் ஒருவர் இருந்தார் என்பதை மறுநாள்தான் அறிந்தேன்.

அம்மா இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் மலாய் படிக்கிறார். மாலையில் அக்கா கறிவேப்பிலை உருவ, அம்மா எதிரே உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறார். முதல் பாடம் 'பெனிங்'. அடுத்தது மூச்சுத் திணறலுக்கு 'செசாக் நாபாஸ்', வீக்கத்துக்கு 'பெங்காக்'. மூன்றாவது ஒரு முழு வாக்கியம்: 'சாயா ஆடா அலாஹான் கெபாடா பெனிசிலின்.' எனக்குப் பென்சிலின் ஒவ்வாமை உண்டு. 'ஜாங்ஙான் பெரி', கொடுக்காதீர்கள், என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

உங்கள் பெற்றோருக்கும் ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். கைபேசியில் வேண்டாம், காகிதத்தில். சாப்பிடும் மருந்துகளின் வேதிப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். நம் ஊர் வணிகப் பெயர்கள் இங்கே பலருக்குத் தெரியாது. டோலோ என்று எழுதாமல் பாராசிட்டமால் என்றும், கிளைகோமெட் என்று எழுதாமல் மெட்ஃபார்மின் என்றும் எழுதுங்கள். ஆகாத மருந்தைச் சிவப்பு மையில், மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதுங்கள். பின்புறத்தில் உங்கள் எண்ணும், அடுத்த வீட்டில் இருப்பவரின் எண்ணும், அவசர உதவிக்கான 999ம் இருக்கட்டும். அம்மாவின் அட்டை அவருடைய சுருக்குப்பையில், வெற்றிலைக்கு அருகில் இருக்கிறது. கைபேசியை மறந்தாலும் அதை மறந்து அவர் எங்கும் போவதில்லை.