ஓகா பிள்ளைகள் ஊரை அறிமுகப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

ஜப்பானின் அகிதா மாகாணத்தில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஓகா தீபகற்பம். டிசம்பர் 31 இரவு கோர முகமூடியும் வைக்கோல் உடையுமாக வீடு வீடாக வரும் 'நமஹகே'தான் அதற்கு அடையாளம். வெளியூர்க்காரர்கள் முன்னால் ஊரைப் பற்றிப் பேச எழும் பள்ளிப் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவதும் இதில்தான்.

"எங்க ஊருக்குப் பேய் வரும்" என்று தொடங்கினால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அது தவறு. நமஹகே, ஆண்டு திரும்பும் வேளையில் வந்துபோகும் தெய்வம். குளிர்காலம் முழுக்கக் கணப்பை விட்டு அசையாமல் கிடப்பவரின் காலில் சூட்டுத் தழும்பு விழும். அதன் பெயர் 'நமோமி'. அதை உரித்தெடுப்பது என்ற பொருளில்தான் இந்தப் பெயரே வந்தது என்பார்கள். கையிலிருக்கும் கத்தி உரிக்க, வாளி உரித்ததைப் போட. இந்த ஒரு விளக்கம் போதும், முகமூடிக்காரர் ஏன் சோம்பேறிகளைத் தேடுகிறார் என்பது புரிந்துவிடும்.

படம் காட்டும்போது வரும் குழப்பம் வேறு. பனியில் பெரிய தீ, சுற்றிலும் கூட்டம், நடுவில் நமஹகே. இது பிப்ரவரியில் ஷின்சான் கோயிலில் நடக்கும் செடோ விழா, 1964-ல் தொடங்கியது. அதன் கீழே 'டிசம்பர் 31' என்று எழுதக் கூடாது. யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலைச் சொல்லும்போதும் கவனம் வேண்டும். 2018-ல் சேர்ந்தது நமஹகே மட்டுமல்ல, முகமூடித் தெய்வங்கள் வந்துபோகும் 10 சடங்குகள் ஒரே தொகுப்பாகச் சேர்ந்தன.

முகமூடியைச் சுற்றுலாத் தாளைப் பார்த்து வரைவதும் வழக்கம்: சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டுக்கும் கொம்பு. ஷின்சான் பகுதி முகமூடிக்குக் கொம்பே கிடையாது. ஊருக்கு ஊர் முகம் மாறும். அவரவர் ஊர் முகத்தை வரைவதுதான் சரி.

நடித்துக் காட்டும் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் கத்திக்கொண்டே உள்ளே பாய்வார்கள். உண்மையில் முன்னே போகும் ஒருவர், வரலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்பார். அந்த ஆண்டு துக்கம் நடந்த வீட்டுக்குள் போக மாட்டார்கள். ஷின்சான் முறையில் நுழைந்ததும் 7 முறை, உட்காருமுன் 5, எழும்போது 3 என்று தரையை மிதிப்பார்கள். இந்த எண்ணிக்கையை விட்டுவிட்டால் மிஞ்சுவது வெறும் கூச்சல். நமஹகே கேட்கும் "அழுற பிள்ளை இருக்கா" என்ற கேள்வியைப் பாடப்புத்தக ஜப்பானியத்தில் கேட்டாலும் சுவை போய்விடும். ஊர்ப் பேச்சில் அது "நகு கோ வா இனெகா".

"இயற்கை அழகான ஊர், சாப்பாடு ருசி" என்ற வரியை வெட்டிவிடலாம், எந்த ஊர்ப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும். அதற்குப் பதில் ஹத்தாஹத்தா மீனைப் பற்றிச் சொல்லலாம். டிசம்பரில் முட்டையிடக் கரையோரம் வரும். முட்டைக் கொத்துக்கு 'புரிக்கோ' என்று பெயர். வழவழவென்று இருக்கும், கடித்தால் சத்தம் கேட்கும். மீன் அருகிப்போனதால் அகிதா மீனவர்கள் 1992 முதல் 3 ஆண்டு அதைப் பிடிக்காமலே இருந்தார்கள்.

3 நிமிடப் பேச்சுக்கு, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதும் ஜப்பானிய 400 கட்டத் தாள் இரண்டு போதும். மூன்றாவது தாளுக்குப் போனால் கடைசியில் ஓட வேண்டிவரும். பேசும்போது முகமூடியைக் கழற்றிவிட வேண்டும், உள்ளே குரல் அமுங்கிவிடும்.

ஒன்று மட்டும் அடிக்கடி நடக்கிறது. 'கெடே' என்னும் வைக்கோல் உடையிலிருந்து வைக்கோலைப் பிய்த்துப் பார்வையாளர்களுக்குக் கொடுப்பது. பிய்க்கக் கூடாது. தானாக உதிர்ந்ததை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டால்தான் நோய் அண்டாது என்பது ஊர் நம்பிக்கை.