நெசஸ் ஸ்கேனர் நிறுவப் போகிறீர்களா?

நெட்வொர்க்கில் உள்ள கணினிகளில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் மென்பொருள்தான் நெசஸ். ராமேஸ்வரம், கீழக்கரை பக்கம் லாட்ஜ், கடை நெட்வொர்க்குகளைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகளுக்கு இது. ஸ்கேன் செய்ய முதலில் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

விண்டோஸில் எம்.எஸ்.ஐ. கோப்பைத் திறந்தால் போதும். லினக்ஸ் என்றால் உபுண்டுவுக்கு டெப் (.deb) கோப்பு, ரெட் ஹாட்டுக்கு ஆர்.பி.எம். (.rpm) கோப்பு. லினக்ஸில் நிறுவியதும், பின்னணியில் ஓடும் நெசஸ்டி (nessusd) சேவையை நாம்தான் தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பிரவுசரில் நெசஸ் பக்கமே திறக்காது. அப்புறம் பிரவுசரில் எச்.டி.டி.பி.எஸ். போட்டு லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 8834, அதாவது https://localhost:8834 என்று அடியுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வரும். நெசஸ் தானே உருவாக்கிய சான்றிதழ் என்பதால்தான், பயம் வேண்டாம்.

பொறுமை வேண்டியது பிளகின்களுக்குத்தான், அதாவது ஒவ்வொரு ஓட்டையையும் சோதிக்கும் சிறு நிரல்களுக்கு. இறங்கித் தயாராக நெடுநேரம் ஆகும். காற்றடிக்கும் நாளில் கரண்ட் போய்ப் போய் வரும், அதனால் யுபிஎஸ் உள்ள கணினியில் இரவில் ஓடவிடுங்கள். நெட் இழுத்தடித்தால், ஊருக்குள் நல்ல இணைப்பில் பிளகின் கோப்பை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து ஆஃப்லைனில் ஏற்றலாம்.