பெரிய மைனுக்குப் பக்கத்துல தங்க ப்ராப்பர்ட்டியா? ரிப்போர்ட்டை இப்படிப் படிங்க

"பெரிய தங்கச் சுரங்கத்துலேர்ந்து நாலே கிலோமீட்டர்"னு தங்கம் தேடற ஒரு குட்டி கம்பெனி தன்னோட ப்ராப்பர்ட்டியை (தங்கம் தேட எடுத்திருக்கற நிலத்தை) பத்திச் சொன்னா தூரத்தை விடுங்க, முதல்ல ஜியாலஜி மேப்பைத் திறங்க. கிரீன்ஸ்டோன்ங்கற ரொம்பப் பழைய எரிமலைப் பாறைங்கள்ல சூடான தண்ணி ஷியர் ஜோன் (பாறை உரசி நசுங்கி நகர்ந்த நீளமான பட்டை) வழியா மேல ஏறி குவார்ட்ஸ் வெயினா (பாறை வெடிப்புக்குள்ள நரம்பு மாதிரி ஓடற கல்லா) படியும்போதுதான் தங்கமும் கூடவே தங்கும், அதனால மைன் உக்காந்திருக்கற ஷியர் ஜோன் எந்தத் திசைல ஓடுதுன்னு பாத்து அதே கோட்டை நீட்டிப் பாருங்க. கோட்டு மேல இருந்தா 10 கிமீ தள்ளி இருந்தாலும் பேசலாம், பக்கவாட்டுல விலகியிருந்தா 1 கிமீ கூட வேஸ்ட்டாகலாம். நடுவுல ஒரு ஃபால்ட் (பாறைப் பிளவு) வந்து ஜோனையே வெட்டி நகத்தியிருக்கான்னும் பாக்கணும்.

மண்ணுல ஆர்சனிக் ஏறியிருந்தா நல்ல அறிகுறி, ஆர்சனோபைரைட்ங்கற ஆர்சனிக் தாது நிறைய இடத்துல தங்கத்தோட சேர்ந்தே வரும். கிராப் சாம்பிள் (கைல பொறுக்கின கல்) நம்பரை மட்டும் பெருசா எடுத்துக்காதீங்க, நல்லா இருக்கற கல்லாப் பாத்துப் பொறுக்கினதா இருக்கும்.

விளையாட்டே ட்ரில் ரிசல்ட்லதான், அதாவது துளை போட்டு எடுத்த பாறைல எவ்வளவு தங்கம்ங்கற கணக்குல. "20 மீட்டருக்கு சராசரியா டன்னுக்கு 5 கிராம் தங்கம், அதுல 1 மீட்டர் 95 கிராம்"னு போட்டிருந்தா கால்குலேட்டர் எடுங்க: 20 பெருக்கல் 5 மொத்தம் 100, அதுல 95 அந்த ஒரே மீட்டர்ல போயிடுச்சு, மிச்ச 19 மீட்டருக்கு சராசரி 0.26 கிராம்தான், அதாவது கிட்டத்தட்ட வெறும் பாறை! அப்புறம் ட்ரூ விட்த் (வெயினோட நிஜத் தடிமன்) கொடுத்திருக்காங்களான்னு தேடுங்க, வெயின் சாஞ்சிருக்கற திசையிலேயே துளை போட்டா 4 மீட்டர் வெயின் கூட 20 மீட்டரா தெரியும்.

துளைலேர்ந்து எடுக்கற உருளைப் பாறையை, அதாவது கோரை, நீளவாக்குல வெட்டி பாதியை லேபுக்கு அனுப்பி பாதியை மறுபடி சோதிச்சுப் பாக்கப் பத்திரமா வெச்சிருக்காங்களான்னும் பாருங்க. 1997ல அம்பலமான பிரி-எக்ஸ்ங்கற கனடா கம்பெனியோட மோசடில, இந்தோனேசியாவோட புசாங்ல, முழு கோரையுமே அரைச்சுட்டாங்க, அந்த அரைச்ச சாம்பிள்லதான் வெளித் தங்கத்தைக் கலந்தாங்க.

அதுக்கப்புறம் கனடால வந்த 43-101ங்கற சுரங்க ரிப்போர்ட் ரூல்படி எழுதின ரிப்போர்ட்னா 23வது அயிட்டத்துக்குப் போங்க, பக்கத்து ப்ராப்பர்ட்டி பத்தின பகுதி அது. அங்க இருக்கற தாது இங்கயும் இருக்கும்னு அர்த்தமில்லன்னு கம்பெனியோட ரிப்போர்ட்லயே எழுதியிருக்கும், விளம்பரத்துல மட்டும் அந்த வரி பொடி எழுத்துல கடைசில கிடக்கும்.