ஃப்ரேம் விழுகிறதா? கார்டை மாற்றும் முன் குற்றவாளியைப் பிடியுங்கள்

கேம் திக்கித் திக்கி ஓடுகிறது; ஒரு செகண்டில் திரைக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, அதாவது ஃப்ரேம், விழுகிறது. உடனே இருக்கிற கிராபிக்ஸ் கார்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கையிலிருந்து இருபதாயிரம் சேர்த்துப் போட்டு அடுத்த மாடலை மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகும் அதே திக்கல். சேலத்தில் கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகளில் காசை அதிகம் தின்பது இதுதான். குற்றவாளி வீட்டுக் கரண்டாக இருக்கலாம், சித்திரை வெயிலாக இருக்கலாம், பயாஸில் (மெஷின் விழிக்கும்போது முதலில் ஓடும் செட்டிங் புரோகிராம்) ஆன் பண்ணாமல் விட்ட ஒரு வரியாக இருக்கலாம். பல நேரம் கேமை எழுதிய கம்பெனியேதான்.

கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் இலவசம், எந்தக் கம்பெனி கார்டுக்கும் வேலை செய்யும். அதில் கார்டின் பயன்பாடு, வெப்பம், பிராசசர் வெப்பம், ரேம் அளவு நான்கையும் திரையில் தெரியும்படி வையுங்கள். ஃப்ரேமுக்கு வரம்பு போடும் வி-சிங்க், ஃப்ரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டுக் கேமில் கூட்டம் அதிகமுள்ள இடத்துக்குப் போங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் அது தன் முழு பலத்தையும் போடுகிறது. அங்கே கார்டுதான் எல்லை. 60, 70 என்று ஆடிக்கொண்டிருந்தால் பிராசசர் போன்றவை தரும் வேலைக்குக் கார்டு காத்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள். உறுதிப்படுத்த ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறவில்லையென்றால், கடையிலேயே விலை கூடிய கார்டைக் கொண்டுவந்து மாட்டினாலும் ஏறாது.

அதற்கு முன், அதிகச் செலவில்லாத நான்கு இடங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருப்பது (கார்டில் சொருக வேண்டும், இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அமைதியாகிவிடுவார்கள்). 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி விண்டோஸில் 60-இலேயே விட்டிருப்பது. 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டிருப்பது. இரண்டு 8 ஜிபியாக, நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டால்தான் இரட்டைச் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் டேட்டா தருவது) பொதுவாகச் சரியாகக் கிடைக்கும். நான்காவது, ரேமின் வேகம். பெட்டியில் 3200 என்று அச்சிட்ட டி.டி.ஆர். 4 ஸ்டிக், பயாஸில் எக்ஸ்.எம்.பி. (ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஆன் செய்யாதவரை பெரும்பாலும் 2133 அல்லது 2400-இல்தான் ஓடும். 6000 என்ற டி.டி.ஆர். 5 பெரும்பாலும் 4800-இல் கிடக்கும். ஆனால் எக்ஸ்.எம்.பி.யும் ஒருவகை ஓவர்கிளாக்தான் (வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது). மெஷின் அடிக்கடி விழுந்தால் முதலில் அணைத்துப் பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

திரையில் வரும் எரர் மெசேஜை அப்படியே நம்புவதும் தவறு. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 வைத்திருந்த பலருக்கு, அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் கட்டிய கேம்களில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று எழுதிவிட்டுக் கேம் மூடிக்கொண்டது. கார்டில் மெமரி நிறைய மிச்சம் இருந்தது, குற்றவாளி பிராசசர். அது தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே தேய்த்துக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் அப்டேட் வழியாக மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. அப்டேட் மேற்கொண்டு தேயாமல் தடுக்கும். தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவராது. ஆகவே செகண்ட்ஹேண்டில் அந்தத் தலைமுறை ஐ9 சல்லிசாகக் கிடைக்கிறதே என்று பாய்கிறவர்கள் வாரண்டி யார் பெயரில், எத்தனை மாதம் மிச்சம் என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

வெயிலும் பஞ்சும்

யூடியூபில் பார்க்கும் கூலர் ரிவ்யூக்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுத்தவை. அங்கே 65 டிகிரி காட்டும் பிராசசர், சித்திரையில் மொட்டை மாடிக்குக் கீழ் இருக்கும் 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 81 காட்டும். அறை எவ்வளவு ஏறுகிறதோ, உள்ளே உள்ளதும் கிட்டத்தட்ட அவ்வளவே ஏறும். சேலத்து மாடி அறைகளில் கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். மதியம் நன்றாக ஓடிய கேம் இரவு எட்டு மணிக்குத் திக்கினால் இதையும் கணக்கில் எடுங்கள்.

எல்லோரும் செய்யும் வைத்தியம்: கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது. முதல் வாரம் ஐந்தாறு டிகிரி குறையும். அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் தெருக்களில் மூன்றாவது வாரம் கதை மாறும். பருத்திப் பஞ்சு காற்றில் வந்து, சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கும் ஃபேனுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும், காற்று மட்டும் போகாது. ஃபேனைக் கழற்றினால்தான் அந்தப் பஞ்சு ஏடு கண்ணில் படும். கருப்பூர்ப் பக்கம், மேக்னசைட் சுரங்கங்களை ஒட்டிய பகுதிகளில் தூசி வேறு ஜாதி. மாவுபோல் மெல்லியது, ஃபில்டரைத் தாண்டும், ஃபேன் பேரிங்கில் போய் உட்கார்ந்து கரகர சத்தம் தரும்.

கதவை மூடுங்கள். முன்பக்கம் இரண்டு அல்லது மூன்று ஃபேன் காற்றை உள்ளே இழுக்கட்டும், பின்னால் ஒன்று வெளியேற்றட்டும். உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசி உறிஞ்சப்படாது. ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரில் அலசி முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். தறிப் பகுதியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் நான்கைந்து மாதம் தாங்கும். காற்று அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் அடிப்பதை நிறுத்துங்கள். அந்த டேங்கில் தேங்கிய தண்ணீரும் ஆயிலும் போர்டில் தெறிக்கும். கையடக்க புளோயர் போதும்.

வெப்பத்தைக் குறைக்கப் பணம் செலவழிக்காத வழி ஒன்று உண்டு, அதை ஏனோ யாரும் செய்வதில்லை. ஆஃப்டர்பர்னரில் கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். பெரும்பாலான கார்டுகளில் ஃப்ரேம் சில சதவீதம்தான் குறையும். வெப்பமும் ஃபேன் சத்தமும் கண்கூடாகக் குறையும். கூடவே ஃப்ரேமுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 200 ஃப்ரேம் ஓடவிட்டால் மிச்சமெல்லாம் அறையைச் சூடாக்கும் ஹீட்டர் வேலைதான்.

2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு கேமின் பீட்டாவில் இதுவே வினையாக வந்தது. மெனு திரையில் ஃப்ரேமுக்கு வரம்பே இல்லை, ஈ.வி.ஜி.ஏ. கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் சில அங்கேயே செத்தன. கேம் கம்பெனி மெனுவுக்கு வரம்பு போட்டது. கார்டு கம்பெனியோ, ஆரம்பக் கால கார்டுகளில் சாலிடரிங் குறை என்று ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. எந்த சாஃப்ட்வேர் என்ன கேட்டாலும் தன்னைக் காத்துக்கொள்வது ஹார்டுவேரின் கடமை. அதற்காக ஒரு மெனு திரைக்கு ஆயிரக்கணக்கில் ஃப்ரேம் கேட்பதை நியாயம் என்று சொல்லிவிட முடியாது.

கரண்ட்

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (வீட்டுக் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் சிறு கரண்ட் எர்த்துக்குப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் அது தகரத்திலேயே நிற்கும். 'சும்மா லேசா அடிக்கும் சார்' என்று விடுவதுதான் தவறு. எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸ்-நியூட்ரல் சுமார் 230 வோல்ட், ஃபேஸ்-எர்த் அதே அளவு, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். சேலத்தின் பாறை மண்ணில் கோடையில் எர்த் குழி வறண்டுவிடும். பழைய குழிகளுக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதே பெரிய பராமரிப்பு.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது பெட்டியில் பெரிதாக எழுதிய வாட்டைப் பார்க்காதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். '450 வாட்' என்று எழுதி 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் போட்டிருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் கிடைப்பது 192 வாட்தான். கார்டின் 8 பின் கனெக்டர் 150 வாட் வரை எடுக்கும். அதற்குப் பழைய ஹார்டு டிஸ்க் வயரிலிருந்து அடாப்டர் போட்டுக் கொடுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் பார்க்க வேண்டியது இரண்டு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வேண்டாம், இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களோடு அதற்கு ஒத்துவராது, உறுமும், சில நேரம் சட்டென்று அணையும். சைன் வேவ் வைத்திருந்தால், பின்பக்க சுவிட்ச் யு.பி.எஸ். மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனதும் எஸ்.எம்.பி.எஸ். தம் பிடித்து நிற்பது சுமார் 16 மில்லி செகண்ட். சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாற அதைவிட நேரம் எடுக்கலாம். மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். பயாஸ் அப்டேட்டை மட்டும் மாதாந்திர மின்தடை நாளிலோ, இடி முழங்கும் மாலையிலோ தொடவே தொடாதீர்கள்.

பல்லியைச் சொல்லாமல் விட முடியாது. சூட்டுக்காக எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போய்ப் படுத்து, உயர் வோல்டேஜ் பகுதியைத் தொட்டு, தானும் செத்து மெஷினையும் கொன்றுவிடும். கேபினட்டின் பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட் தகடுகளை மூடிவையுங்கள்.

ஏற்காட்டுக்குத் தூக்கிப் போனால்

எஸ்டேட் வேலைக்காகவோ, வீட்டிலிருந்து வேலை என்றோ மேலே குடியேறும்போது மெஷினும் ஏறுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். கார்டை மாட்டியபடியே டிக்கியில் வைத்தால், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டு ஸ்லாட்டை நெம்பிக்கொண்டே வரும். கார்டையும், பிராசசர் மேல் நிற்கும் உயரமான டவர் கூலரையும் கழற்றித் தனியாகக் கொண்டுபோங்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிதுதான். ஆனால் அறை பத்து டிகிரி குளிர்ச்சி என்பதால் வெப்பக் கணக்கில் லாபமே. தொல்லை ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வாரக்கணக்கில் அணைத்து வைத்த மெஷினில் ரேமின் தங்கக் காலிலும் ஸ்லாட்டிலும் படலம் பிடிக்கும். ஆன் செய்தால் டிஸ்ப்ளே வராது. கார்டு போச்சு என்று முடிவுகட்டாமல் ரேமைக் கழற்றி, அந்தத் தங்கக் காலைச் சுத்தமான ரப்பரால் துடைத்துப் போட்டுப் பாருங்கள். தினம் அரைமணி நேரமாவது மெஷின் ஓடினால் அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். நீர் கோர்ப்பது மேலே ஏற்றும்போது அல்ல, கீழே இறக்கும்போது: குளிர்ந்த மெஷின் சேலத்துப் புழுக்கக் காற்றில் வேர்க்கும். பெட்டியைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, பிறகு ஆன் செய்யுங்கள். மலையில் இடி இடித்தால் பிளக்கோடு லேன் வயரையும் உருவுங்கள்.

சாஃப்ட்வேர்

கடையில் 'விண்டோஸ் போட்டுத் தந்துட்டோம்' என்றால் என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். ஆக்டிவேட் செய்யும் கிராக் (திருட்டு புரோகிராம்), விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு வருகிற விருந்தாளி வேறு எதற்கு வருவான்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கெர்னல் (விண்டோஸின் அடி மையம்) வரை இறங்கும் புரோகிராம்களை எண்ணிக்கையில் குறைவாக வைப்பது நல்லது. சில கேம்களின் ஆன்டி-சீட் (ஏமாற்றி விளையாடுவோரைப் பிடிக்கும் புரோகிராம்) அங்கேதான் உட்காரும். கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை, அந்தக் கேமே இல்லாத மெஷின்களிலும் ரான்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள்) கொண்டுபோய்ப் பயன்படுத்தியது 2022-இல் வெளிவந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனியின் ஒரே ஒரு பிழையான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை நீலத் திரையில் நிறுத்தியது. கீபோர்டு விளக்குக்கு ஒன்று, ஃபேன் விளக்குக்கு ஒன்று என்று நான்கு கம்பெனி புரோகிராம் போடுகிறவர்கள் யோசிக்கட்டும். விளையாடாத கேமின் ஆன்டி-சீட்டைத் தனியாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். கேமை நீக்கினால் சில நேரம் அது போகாது.

புதுக் கேம் முதல் ஒரு மணி நேரம் மட்டும் திக்கினால் பெரும்பாலும் ஷேடர் (காட்சியை வரையச் சொல்லும் சிறு புரோகிராம்கள்) உங்கள் கார்டுக்கு ஏற்றபடி கம்பைல் ஆகிறது. தொடக்கத்தில் வரும் அந்தப் பட்டை முடியும் வரை அவசரப்படாமல் இருங்கள். டிரைவர் மாற்றினால் அது மறுபடி நடக்கும். 'கிளீனர்' புரோகிராம்கள் குப்பை என்று அழிப்பதில் இந்த ஷேடர் கேஷும் (கம்பைல் செய்து சேமித்தது) உண்டு. வாரம் ஒருமுறை சுத்தம் செய்கிறவர் வாரம் ஒருமுறை புதிதாகத் திக்கலை வாங்குகிறார்.

எல்லாம் பார்த்த பிறகும் திக்கினால் பழி கேமின் மேல்தான், அதற்கு ஹார்டுவேர் வாங்கி ஈடுகட்டாதீர்கள். 2015 ஜூனில் வந்த பேட்மேன்: ஆர்காம் நைட்டின் பிசி பதிப்பு ஓடிய லட்சணத்தில், விற்பனையையே நிறுத்தி அக்டோபரில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். முன்பதிவு செய்தவர்கள் அதுவரை என்ன கார்டு போட்டும் பயனில்லை. ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே முதல் ஒன்றரை மணியை கேரக்டரின் மூக்கைச் செதுக்குவதில் கழிக்காமல், கனமான இடத்துக்குப் போய் ஆஃப்டர்பர்னர் எண்களைப் பாருங்கள்.

பாகத்தின் மேல்தான் குற்றம் என்று உறுதியானால், கடைக்குப் போகும் முன் பில், சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் படம், வெப்பமும் பயன்பாடும் தெரியும் வீடியோ, விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூ.ஹெச்.இ.ஏ. என்று தொடங்கும் ஹார்டுவேர் பிழைப் பதிவு இருந்தால் அதன் படம் ஆகியவற்றை ஒரே ஃபோல்டரில் வையுங்கள். 'நாங்க போட்டுப் பார்த்தோம், நல்லாத்தான் ஓடுது' என்று திருப்பி அனுப்பினால், எத்தனை மணி நேரம், எந்த டெஸ்ட் ஓட்டினீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். அதற்கும் பதில் வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.