முப்பது நிமிடக் குறுந்தகட்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்

1980களிலும் 1990களிலும் வெளியான ஹாலிவுட் பின்னணி இசைத் தொகுப்பு ஒன்றைப் பழைய சந்தையில் கூடுதல் விலைக்கு வாங்குமுன், அதன் மொத்த நேரத்தையும் பின்னட்டையில் உள்ள ஒலிப்பதிவு இடத்தையும் பாருங்கள். ஏறத்தாழ 30 நிமிடம், லாஸ் ஏஞ்சலஸ் என்று இருந்தால், லா-லா லேண்ட், இன்ட்ராடா, வரேஸ் சரபாண்ட் போன்ற நிறுவனங்கள் அதன் விரிவான பதிப்பை வெளியிட்டுள்ளனவா என்று தேடிவிட்டுப் பணத்தை எடுங்கள்.

படத்துக்காக வாசித்த இசையைத் தொகுப்பாக வெளியிட, அமெரிக்க இசைக்கலைஞர்கள் சங்க ஒப்பந்தப்படி வாத்தியக்காரர்களுக்கு மறுபயன்பாட்டுக் கட்டணம் தர வேண்டியிருந்தது. இசையின் நீளம் கூடக்கூட அந்தச் செலவும் கூடியதால், குறுந்தகட்டில் 74 நிமிடத்துக்கு இடமிருந்தும் நிறுவனங்கள் அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டன. குறைந்த பிரதிகளே அச்சிடும் வெளியீடுகளுக்குப் பிற்காலத்தில் சலுகை கிடைத்தபின், விடுபட்ட பகுதிகள் பல வெளிவந்தன. அவையும் விற்றுத் தீர்ந்துவிடுவதால், கண்ணில் பட்டால் தள்ளிப்போடுவது நல்லதன்று.

லண்டனில் பதிவான இசை அந்த அமெரிக்கச் சங்க ஒப்பந்தத்துக்குள் வராததால், அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே தொகுப்பு குட்டையாக இருந்தால் காரணம் வேறு. ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹென்றி மான்சினி 1960களில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தந்த தொகுப்புகளைப் போல, இசைத்தட்டுக்கென்றே தனியாக மீண்டும் வாசித்துப் பதிந்தவற்றையும் இந்த அளவுகோலால் ஒதுக்கிவிடக் கூடாது. படத்தில் ஒலித்த வடிவம் பின்னர் கிடைத்தாலும், அது வேறொரு வாசிப்பு, பழையதற்கு மாற்று அன்று.